விருந்தாளிக்குப் பசித்ததா?

கீழ்வீட்டுச் சீன அக்காவுக்கு ஆங்கிலத்தில் எல்லாச் சொற்களும் தெரியும், ஆங்கிலம் மட்டும் தெரியாது. நான் கேலிக்காகச் சொல்லவில்லை. அவளே என் அத்தையிடம் மலாய் மொழியில் அப்படித்தான் சொல்லி அழுதாள். அகராதியைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்திருந்தாள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் பொருள் சொல்வாள். ஆனால் அதே சொற்களை வரிசையாக நிற்கவைத்து ஒரு பத்தி எழுதிக் கொடுத்தால், இந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுவாள்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இருந்த கட்டடத்தின் மாடியில் நாங்கள் இருந்தோம். கீழே அவளுடைய அப்பாவின் சைக்கிள் கடை. கடைக்குப் பின்னால் அவர்கள் குடும்பம். அவள் சீனப் பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கு, ரசாயனம், பூகோளம் எல்லாம் அவளுக்குச் சீன மொழியில்தான், ஆங்கிலம் ஒரு ஓரத்துப் பாடம். அவளுக்கோ நர்ஸ் ஆக வேண்டும். அதற்கு ஓர் ஆங்கிலத் தாள் எழுதித் தேற வேண்டும். ஒரு பத்தியைக் கொடுத்துக் கீழே கேள்விகள் கேட்பார்கள். படித்துப் புரிந்துகொண்டு பதில் எழுத வேண்டும். ஒருமுறை எழுதிக் கோட்டை விட்டிருந்தாள்.

அவளுடைய அப்பா, என் அப்பாவின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டார். மாடியில் உங்கள் தங்கை இங்கிலீஷ் படித்தவளாமே, என் பெண்ணோடு கொஞ்சம் உட்கார்ந்து படிப்பாளா? அப்பா உடனே முடியாது என்றார். சைக்கிள் கடைக்காரர் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார். அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பெண் என்றார் அப்பா. கடைக்காரர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூன்றாம் தடவையாகக் கேட்டார். "அப்போ நாளைக்கே அனுப்புங்க" என்றார் அப்பா. இருவருக்கும் ஏக சந்தோஷம்.

எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. முதல் தடவை கேட்டவுடன் எதையும் ஒத்துக்கொள்ளக் கூடாது. போன இடத்தில் காப்பி குடிக்கிறீர்களா என்றால், தொண்டை வறண்டு கிடந்தாலும் "ஐயோ, இப்பத்தான் குடிச்சிட்டு வர்றோம்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் விட மாட்டார்கள். விட்டுவிட்டால் அவர்கள் மனிதர்களே இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்ட ஒரு வீட்டைப் பற்றி அம்மா வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். கீழ்வீட்டிலும் இதே சட்டம்தான் போலிருக்கிறது. சீனப் புத்தாண்டுக்கு அந்த வீட்டு அம்மாள் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தால், அம்மா தள்ள, அவர் திணிக்க, அம்மா மறுபடி தள்ள, கடைவாசல் அஞ்சடி நடைபாதையில் போவோர் வருவோர் ஒதுங்கிப் போகும்படி ஒரு யுத்தமே நடக்கும். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது சந்தை மலாயில் சில சொற்கள்தான். ஆனாலும் ஒருவரை ஒருவர் அவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

இந்த வழக்கத்தால்தான் அத்தை அப்போது வீட்டில் இருந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. தாத்தா போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்தார். நான் சின்ன வகுப்பில் படித்த அதே ஆங்கிலப் பள்ளியில் படித்து, சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருந்தாள். தேர்வு முடிவு வந்த அன்று தலைமையாசிரியை அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வெள்ளைக்காரர், நாங்கள் பெரிய டீச்சர் என்போம். உங்கள் தங்கையை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பலாம், நான் சிபாரிசு எழுதித் தரட்டுமா என்று கேட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை அவருக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றிருந்தாள். அப்பா கைகூப்பாத குறையாக, "நோ, நோ, மேடம். ப்ளீஸ் டோன்ட் டிரபிள்" என்றார். பெரிய டீச்சர் சற்று நேரம் அப்பாவைப் பார்த்தார். "ஐ சீ" என்றார். கைகுலுக்கி அனுப்பிவிட்டார்.

அப்பா வீட்டுக்கு வந்து எல்லாரையும் உட்காரவைத்து இதை விவரமாகச் சொன்னார். "மறுபடி கேப்பாங்க. பெரிய மனுஷி, சும்மா விட மாட்டாங்க" என்றார். அம்மா மூடியில் பூப்போட்ட பிஸ்கட் டின் ஒன்று வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பெரிய டீச்சர் வந்தால் கொடுக்க. அதை நான் தொட்டால் கை முறியும் என்று எனக்கு அறிவிப்பும் வந்தது.

பெரிய டீச்சர் வரவில்லை. அப்பா துறைமுகக் கிடங்கில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்தார். சாயங்காலம் மாடிப்படி ஏறும்போதே "யாரும் வந்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருவார். முதலில் "வேலையா இருப்பாங்க" என்றார். பிறகு "பள்ளிக்கூட லீவு வந்திடுச்சில்ல" என்றார். மாதங்கள் போகப் போக, அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டார். "ஒப்புக்குக் கேட்டிருக்காங்க. நம்ம பொண்ணு மேல அவ்வளவுதான் அக்கறை" என்று அம்மா ஒருநாள் சொன்னபோது, அப்பா அலமாரியின் மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை விவரங்களோடு வர ஆரம்பித்திருந்தார்கள். இந்த வருஷம் பொறுத்துப் பார்ப்பது, அதற்குள் படிப்பு விஷயம் ஏதும் தகையாவிட்டால் கல்யாணத்தைப் பேசிவிடுவது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அத்தை "உங்க இஷ்டம்ணே" என்றாள்.

அப்பா இத்தனை வருஷம் வெள்ளைக்காரர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர் ஆயிற்றே, அவர்கள் வழக்கம் தெரியாதா என்று கேட்கலாம். அவர்கள் அப்பாவுக்கு உத்தரவுதான் கொடுத்தார்கள். வேண்டுமா என்று எதையும் நீட்டியதில்லை. மறுத்துப் பார்க்க அவருக்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

சீன அக்கா சாயங்காலம் பள்ளிச் சீருடையோடு வருவாள். பாய் விரித்து இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பதால் யாரும் யாருக்கும் டீச்சர் இல்லை. அத்தை பத்தியை வாசிப்பாள், சீன அக்கா கேட்டுவிட்டு எழுதுவாள், பிறகு புத்தகத்தின் கடைசியில் உள்ள விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விடைப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லும் பதவி எனக்குக் கிடைத்திருந்தது. அந்தப் பதவியில் நான் காட்டிய மிடுக்கை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அப்பா சாய்வு நாற்காலியில் தமிழ்ப் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு படிப்பதுபோல் இருப்பார். காது மட்டும் பாயில் இருக்கும். பத்திகளில் வந்த உலகம் விசித்திரமானது. பனி கொட்டும். நரியைக் குதிரையில் துரத்துவார்கள். நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுவார்கள். ஒரு பத்தியில், அப்பாவின் கணக்கில் தப்பு இருப்பதை மகன் விருந்தினர் முன்னால் எடுத்துச் சொல்கிறான். இந்தப் பையனிடம் உள்ள நல்ல குணம் என்ன என்று கேள்வி. சீன அக்கா வெகுநேரம் பென்சிலைக் கடித்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று எழுதினாள்.

"சரியா எழுதியிருக்கு" என்றார் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து.

நான் விடைப்பக்கத்தைப் பார்த்து, "நேர்மைன்னு போட்டிருக்கு" என்றேன்.

"பெத்தவன அவமானப்படுத்துறது நேர்மையா? புத்தகத்துல தப்பா அச்சடிச்சிருக்கான்."

இப்படியாகப் புத்தகம் ஒரு பக்கமும், எங்கள் வீடும் சைக்கிள் கடையும் சேர்ந்து மறுபக்கமுமாக நாட்கள் போயின. படிப்பு முடிந்ததும் அம்மா சீன அக்காவைச் சாப்பிடச் சொல்வார். அவள் "வேண்டாம்" என்பாள். எங்களிடமிருந்து அவள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் அதுதான். அம்மா இரண்டு தடவை கெஞ்சிய பிறகு உட்கார்ந்து, இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துச் சாப்பிடுவாள்.

ஒருநாள் அத்தை ஒரு பத்தியை முடித்துவிட்டு, இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினாள். "அத்தை, நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க" என்றேன் நான். "அது வேணாம், சுலபமானது" என்றாள். சுலபமானது என்றதும் சீன அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. ஒன்றையாவது முழுதாகச் சரியாக எழுதிப் பார்க்கலாமே என்று பக்கத்தைத் திருப்பினாள். அத்தை வேறு வழியில்லாமல் வாசித்தாள்.

மழையில் நனைந்த வழிப்போக்கர் ஒருவர் ஒரு பண்ணைவீட்டுக் கதவைத் தட்டுகிறார். வீட்டுக்கார அம்மாள் அவரை உட்காரவைத்து ஆப்பிள் பை என்கிற பலகாரத்தில் ஒரு துண்டு கொடுக்கிறார். அவர் சாப்பிட்டு முடித்ததும், இன்னொரு துண்டு வைக்கட்டுமா என்று கேட்கிறார். வழிப்போக்கர் "நோ, தேங்க் யூ" என்கிறார். அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். விருந்தாளிக்கு இன்னும் பசித்ததா, எப்படித் தெரியும் என்பது கேள்வி.

சீன அக்கா யோசிக்கவே இல்லை. ஆமாம், அவருக்கு நல்ல பசி, மழையில் நடந்து வந்தவர், மரியாதைக்காக வேண்டாம் என்றார், அந்த அம்மாள் கஞ்சம் என்று விறுவிறுவென எழுதிவிட்டாள்.

"பேஷ்!" என்றார் அப்பா. பேப்பரையே மடித்து வைத்துவிட்டார்.

என்ன சத்தம் என்று அடுக்களையிலிருந்து கேட்ட அம்மாவுக்குக் கதையைத் தமிழில் சொன்னேன். "அடிப்பாவி, தட்டத் தூக்கிட்டே போயிட்டாளா? அந்த மனுஷன் எவ்வளவு தூரம் நடந்து வந்தானோ" என்று அம்மா உண்மையாகவே வருத்தப்பட்டார்.

இத்தனை பேர் ஒரே பதிலைச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஜம்பமாக விடைப்பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தேன். இல்லை, அவருக்குப் பசிக்கவில்லை. இன்னொரு துண்டு வேண்டாம் என்று அவரே சொன்னார்.

சீன அக்கா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே படித்தாள். பிறகு அத்தையிடம் மலாயில் கேட்டாள். அப்படியென்றால் வெள்ளைக்காரரிடம் ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னால் முடிந்ததா? ஹாபிஸ்?

"ஹாபிஸ்" என்றாள் அத்தை. அப்பா பக்கம் அவள் திரும்பவில்லை.

அப்பா மெதுவாகக் கேட்டார். "எல்லாரும் அப்படித்தானாம்மா?"

"எல்லாரும்னு சொல்ல முடியாதுண்ணே. இது சும்மா கதைதானே."

"உனக்கு இது முன்னாடியே தெரியும், இல்ல? நீ அங்கேயே படிச்சவ."

"எனக்கென்னண்ணே தெரியும்" என்று சொல்லிவிட்டு அத்தை அடுத்த பத்தியை வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னதற்கு அப்பா ஏன் இவ்வளவு வாடிப்போனார் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னை அவரே பள்ளிக்கு அழைத்துப் போனார். டிராலி பஸ்ஸில் வழக்கமாக ஏதாவது வேடிக்கை பேசுவார். அன்று உதட்டுக்குள்ளேயே எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளியில் என் கையை விடாமல் நேராகப் பெரிய டீச்சர் அறைக்குப் போனார். தனியாகப் போக அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

பெரிய டீச்சர் மேசையில் தேநீர்ச் சாமான்கள் இருந்தன. அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா உட்கார்ந்தார். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

"யெஸ், ப்ளீஸ்" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சர்க்கரை? யெஸ், ப்ளீஸ். பால்? யெஸ், ப்ளீஸ். பிஸ்கட்டை நீட்டினார். அதற்கும் யெஸ், ப்ளீஸ். பிஸ்கட்டையே காணாதவர்போல என் அப்பா பெரிய டீச்சர் முன்னால் நடந்துகொள்கிறாரே என்று எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. அம்மா மட்டும் அங்கே இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். அப்பா கோப்பையை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமலே மறுபடி இறக்கினார். சூடாக இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

தேநீரை வைத்துவிட்டு அப்பா விஷயத்தைச் சொன்னார். தங்கையை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், மேடம் சிபாரிசு எழுதித் தர வேண்டும். பெரிய டீச்சர் வியப்போடு, அன்றைக்கு நான் கேட்டேனே, நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்றார்.

"யெஸ், மேடம். ஐ செட் நோ" என்றார் அப்பா. அதற்கு மேல் விளக்க அப்பாவின் கிடங்கு ஆங்கிலத்தில் சொற்கள் இல்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டார்.

பெரிய டீச்சர் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். இந்த வருஷத்துக்கு ஆள் எடுத்து முடிந்துவிட்டது, அடுத்த வருஷத்துக்கு எழுதுகிறேன் என்றார். பிறகு, உங்கள் தங்கைக்கு இதில் விருப்பமா, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். "ஐ வில் ஆஸ்க், மேடம்" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். பாயில் படிப்பு நடந்துகொண்டிருந்தது. சட்டையைக்கூடக் கழற்றாமல் அத்தை முன்னால் வந்து நின்றார்.

"பெரிய டீச்சரப் பாத்தேன். அடுத்த வருஷத்துக்கு எழுதித் தரேன்னாங்க. நீ டீச்சர் வேலைக்குப் படிக்கப் போறியாம்மா?"

அத்தையின் கையில் பென்சில் அப்படியே நின்றது. "வேண்டாம்ணே" என்றாள். "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. முந்தின நாளாக இருந்தால் யோசிக்காமல் மறுபடி கேட்டிருப்பார். இப்போது அவர் புதிதாகப் பாடம் படித்த மனிதர். "சரிம்மா, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே திரும்பினார். அம்மா கரண்டியோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

சீன அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வேண்டாம் என்ற ஒரு சொல் நன்றாகத் தெரியும், தினம் தினம் அதைச் சொல்லிவிட்டுத்தானே எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். அத்தையையும் அப்பாவின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புத்தகத்தால் தரையில் ஓங்கி அடித்து, மலாயில் கத்தினாள். "அங்கிள்! தான்யா லாகி! மறுபடி கேளுங்க! இவ என்ன வெள்ளைக்காரியா?"

அப்பா திரும்பி வந்தார். "போறியாம்மா?" என்றார்.

"அண்ணி தனியா எல்லா வேலையும் எப்படி..."

"என் வேலைய நான் பாத்துக்குவேன். நீ அண்ணன் கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றார் அம்மா.

அப்பா பாயின் ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவர் தரையில் அத்தைக்கு நேராக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "உனக்கு ஆசையா இருக்கா? எனக்கு அத மட்டும் சொல்லும்மா" என்றார்.

அத்தை புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, "ரொம்ப ஆசையா இருக்குண்ணே" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். சீன அக்காவும் அழுதாள். அம்மா கரண்டியோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூப்போட்ட பிஸ்கட் டின்னை இறக்கித் திறந்தார். நமுத்துப்போயிருந்தது. எல்லாரும் சாப்பிட்டோம்.

சீன அக்கா அந்த முறை தேறிவிட்டாள். அத்தை மறுவருஷம் பயிற்சிக்குப் போனாள். தேக்காவிலும் பிறகு தோ பாயோவிலும் இருந்த பள்ளிகளில், ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அத்தைமேல் பயங்கரக் கோபம். சரியான விடை தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். ஒரு "வேண்டாம்" எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அப்படியிருந்தும் முதல் தடவையே சரி என்று சொல்லித் தொலைக்காமல், எல்லாரையும் பதறவைத்துவிட்டு, அண்ணன் தரையில் வந்து உட்காரும்வரை ஏன் இழுத்தடித்தாள் என்று முணுமுணுத்துக்கொண்டே பிஸ்கட்டைத் தின்றேன். பெரிய டீச்சர் மறுபடி வந்து கேட்பார் என்று அத்தனை மாதமும் நாங்கள் எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தையிடம் அந்த நாள்வரை ஒருவர்கூட, ஒரு தடவைகூட, உனக்கு வேண்டுமா என்று கேட்டிருக்கவில்லை என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.